ஆண்டு முடிவு அறிக்கையில் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?

இந்தப் பாடத்தின் நோக்கம்

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் மூன்று வேலைகளைச் செய்யக்கூடியவராக இருப்பீர்கள். உங்கள் பிரதேசத்தின் ஆண்டு முடிவு அறிக்கையைக் கேட்டு அதன் சொற்களை விளங்கிக்கொள்வீர்கள். உங்கள் ஊரின் பாதுகாப்பையும் பொது வசதிகளையும் அயலவர்களோடு சேர்ந்து ஒரே தாளில் கணக்கெடுப்பீர்கள். அந்தத் தாளை உரிய அலுவலரிடம் கொடுத்து, எழுத்தில் பதில் பெறுவீர்கள்.

குடும்பத்தவர்கள் கூடியிருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ வைத்து வாசித்தால் இன்னும் நல்லது.

1. ஏன் இது மீளக்குடியேறும் குடும்பங்களுக்குத் தேவை?

ஆண்டு முடிவில் பல கூட்டங்கள் நடக்கும். பிரதேச செயலகத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம், பிரதேச சபையில் வரவு செலவுத் திட்டம், கிராம அலுவலர் கூட்டும் ஊர்க் கூட்டம் என்று அவை பலவகை. இந்த ஆண்டில் எத்தனை வீதிகள் திருத்தப்பட்டன, எவ்வளவு நிலம் மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டது, எத்தனை பொதுக் கிணறுகள் துப்பரவு செய்யப்பட்டன, அடுத்த ஆண்டில் என்ன செய்யப்போகிறார்கள் என்று அங்கே சொல்வார்கள்.

புதிதாகத் திரும்பி வந்த குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. போனாலும் பின்வரிசையில் இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவார்கள். "நாங்கள் இப்பதானே வந்தனாங்கள், முதலிலை கொட்டிலைப் போடுவம், பிறகு பார்ப்பம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் உள்ளூராட்சி சபைகளின் நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான பணம் எந்த ஒழுங்கைக்கு, எந்தக் கிணற்றுக்கு, எந்தத் தெருவிளக்குக்கு என்பது ஆண்டு முடிவதற்கு முன்னரே எழுதப்பட்டுவிடும். அந்த நேரத்தில் உங்கள் ஊரின் பெயர் தாளில் இல்லையென்றால், பல வேலைகளுக்கு இன்னுமொரு மாரி வரை காத்திருக்க நேரலாம்.

மக்கள் தொகையைப் பார்த்தே பல வசதிகள் ஒதுக்கப்படுகின்றன. பதிவில் இல்லாத குடும்பத்துக்குத் தண்ணீர்ப் பவுசரும் வராது, மலசலகூடத் திட்டத்தில் இடமும் இராது. ஆகவே முதல் வேலை பதிவு. இதுவரை இருந்த இடத்தின் கிராம அலுவலரிடம் பதிவை நீக்கி, திரும்பிய ஊரின் கிராம அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. அதில் உங்கள் வீட்டுப் பெயர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதையும் கேட்டு அறியுங்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒருவர் இன்னும் வெளியே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2. யார் எதற்குப் பொறுப்பு?

ஒரு குறையைத் தவறான கதவில் சொன்னால் மாதங்கள் வீணாகும். கீழே உள்ள பிரிப்பை மனதில் வைத்திருங்கள்.

வீதி: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபையின் பொறுப்பு.

தெருவிளக்கு, பொதுக் கிணறு, சந்தை, மயானம், குப்பை அகற்றல், சனசமூக நிலையம்: பிரதேச சபை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் சபையின் செயலாளரே இவற்றைக் கவனிப்பார்.

குளம், வாய்க்கால்: சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கான வாசல் உங்கள் கமநல சேவை நிலையம். பெரிய, நடுத்தரக் குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம்.

சுகாதாரம்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. கிணற்று நீர், மலசலகூடம், நுளம்பு ஆகியவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்.

மிதிவெடி: கிராம அலுவலர், பிரதேச செயலகம், பொலிஸ் ஆகிய எந்த இடத்திலும் அறிவிக்கலாம். வேலையை ஒருங்கிணைப்பது தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையமும் அதன் பிராந்திய அலுவலகமும்.

காட்டு யானை: வனசீவராசிகள் திணைக்களம்.

காணி, அடையாள ஆவணங்கள், நிவாரணம்: கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகம்.

எந்தக் கதவு என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். அவர் எல்லாவற்றையும் செய்துதர முடியாது. ஆனால் எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்ல அவரால் முடியும்.

3. அறிக்கையின் சொற்களை விளங்கிக்கொள்ளுங்கள்

ஆண்டு முடிவு அறிக்கையில் ஒரே மாதிரித் தோன்றும் சொற்கள் வெவ்வேறு பொருள் தரும்.

"நிறைவடைந்துள்ளது" என்றால் வேலை முடிந்துவிட்டது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். வீதி ஓரத்தில் பெயர்ப்பலகை இருந்து வீதி பாதியில் நின்றால், கூட்டத்தில் அதைச் சொல்லலாம்.

"நடைபெற்று வருகிறது" என்றால் தொடங்கியிருக்கிறது. எப்போது முடியும், எந்தப் பகுதி மிச்சம் என்று கேளுங்கள்.

"அனுமதி கிடைத்துள்ளது" என்றால் திட்டம் ஏற்கப்பட்டுவிட்டது. பணம் கைக்கு வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதைத் தனியே கேளுங்கள்.

"முன்மொழியப்பட்டுள்ளது" என்றால் யாரோ ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். இதை நம்பிக் கடன்பட்டு எந்த வேலையையும் தொடங்கவேண்டாம்.

தொகைகளையும் கவனியுங்கள். "பிரதேசத்தில் 20 கிணறுகள் துப்பரவு செய்யப்பட்டன" என்று சொன்னால், அந்த 20 இல் உங்கள் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை என்று கேளுங்கள். மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே உங்கள் ஊர் விடுபட்டிருக்கலாம். கேள்வி கேட்பது குற்றம் சாட்டுவது ஆகாது. அலுவலருக்கும் அது உதவும். எந்த ஒழுங்கை விடுபட்டது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

4. "மிதிவெடி அகற்றப்பட்டது" என்ற சொல்

அறிக்கையில் உயிரோடு தொடர்புடைய சொல் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த காலத்தில் வடக்கில் மனிதநேய மிதிவெடி அகற்றும் வேலை பெருமளவில் தொடங்கியது. 2009 இன் பின் அது மேலும் விரிந்தது. 2010 இல் தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி அறியப்பட்ட மிதிவெடி நிலங்களைத் துப்பரவு செய்வதற்கான காலம் 2028 ஜூன் 1 வரை. பெருமளவு நிலம் மக்களிடம் கையளிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் முகமாலை போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் இந்த வேலை நீண்ட காலம் எடுத்தது. அங்கே வரிசை வரிசையாக நெருக்கமாக மிதிவெடி புதைக்கப்பட்டிருந்ததே காரணம்.

ஒரு நிலம் "அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டது" என்றால், வரைபடத்தில் குறித்த எல்லைக்குள், குறித்த ஆழம் வரை தேடப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த எல்லைக்கு வெளியே உள்ள பற்றை, பழைய மண் அணை, பதுங்குகுழி, காவலரண் இருந்த இடம் ஆகியவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது. குறித்த ஆழத்துக்குக் கீழே கிணறு வெட்டவோ அத்திவாரம் தோண்டவோ போவதானால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் ஒழுங்கையில் கையளிக்கப்பட்ட நிலத்தின் எல்லை எது? வரைபடத்தைக் காட்டமுடியுமா? என் வளவின் பின்பக்கம் அதற்குள் வருகிறதா?" முடிந்தால் மிதிவெடி அகற்றும் குழுவினரையே அழைத்து எல்லையை நடந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து, அந்த எல்லையைப் பார்க்கவேண்டும். ஆண்கள் மட்டும் போய்ப் பார்த்தால் போதாது. விறகு பொறுக்கவும் மாடு தேடவும் போவது பெண்களும் பிள்ளைகளுமே.

செய்யக்கூடாதவை:

சிவப்புத் தடி, மண்டையோட்டுப் படம் போட்ட பலகை, நாடா ஆகியவற்றை வேலிக்கோ விறகுக்கோ எடுக்காதீர்கள். ஒரு தடியைப் பிடுங்கினால் அடுத்தவருக்கு வழிகாட்டி இல்லாமல் போகும்.

பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று எண்ணாதீர்கள்.

தேடி முடிக்காத பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள். குப்பை எரிக்கும் இடத்தையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மண்ணுக்குள் இருக்கும் வெடிபொருள் சூட்டினால் வெடிக்கலாம்.

பழைய இரும்பு பொறுக்கி விற்கும் ஆசையில் அறியாத பொருளைத் தூக்கவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பாழடைந்த கிணற்றை நீங்களாக இறைக்காதீர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அவற்றுக்குள் வெடிபொருட்கள் போடப்பட்டிருக்கலாம். நீண்ட காலம் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்றும் போதாமல் இருக்கலாம். எரிபொருளில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

சந்தேகமான பொருளைக் கண்டால் நில்லுங்கள். தொடாதீர்கள். வந்த வழியே கவனமாகத் திரும்பி, மற்றவர்களை எச்சரித்து, உடனே அறிவியுங்கள். மிதிவெடி நிலத்துக்குள் நிற்கிறோம் என்று தெரிந்தால் அசையாமல் நின்று சத்தமிட்டு உதவி கேளுங்கள். காயப்பட்டவர் உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். அப்படி ஓடினால் இரண்டாமவரும் அகப்படுவார். இது சொல்வதற்கு இலகு, செய்வதற்கு மிகக் கடினம் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவேதான் இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

காத்திருக்க முடியாத நேரத்தில்

"முதல் மழை விழுந்துவிட்டது. விதைக்காவிட்டால் அடுத்த ஆண்டு முழுக்கக் கடன். பின்வளவு இன்னும் துப்பரவு செய்யவில்லை. என்ன செய்வது?" இந்தக் கேள்வி பல ஊர்களில் எழுகிறது. வயிற்றுப்பாட்டுக்காக உழவு இயந்திரத்தை இறக்கிவிடலாமா என்ற எண்ணம் வருவது நியாயம். ஆனால் இறக்கவேண்டாம். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு.

கையளிக்கப்பட்ட பகுதியில் மட்டும் பயிரிடுங்கள். மிச்சத்தை முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். அதில் காணியின் அளவையும், அதை நம்பி வாழும் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையையும், விதைக்கவேண்டிய மாதத்தையும் குறிப்பிடுங்கள். எந்த நிலத்தை முதலில் தேடுவது என்று தீர்மானிக்கும்போது, மக்கள் குடியிருக்கும் நிலமா, பயிர்செய்யும் நிலமா என்பதும் பார்க்கப்படுகிறது. பயிரிட முடியாமல்போன காணியின் விபரத்தைக் கமநல சேவை நிலையத்திலும் பதிவு செய்யுங்கள். பின்னர் விதை, உரம், வாழ்வாதார உதவி பற்றிப் பேசும்போது அந்தப் பதிவு கையில் இருக்கும்.

5. மாரியும் பொதுப் பாதுகாப்பும்

வடக்கு, கிழக்கில் ஆண்டின் பெரும்பகுதி மழை ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிறது. ஆகவே ஆண்டு முடிவுக் கூட்டம் நடக்கும் காலமும் வெள்ளக் காலமும் ஒன்றே. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமழை பெய்து, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, பல ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மீளக்குடியேறி வீடு கட்டிய குடும்பங்கள் மறுபடியும் பாடசாலைகளில் தங்க நேர்ந்தது.

கூட்டத்தில் கேட்கவேண்டியவை: எங்கள் ஊருக்கு மேலே உள்ள குளம் எது? அது வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் வரும்? எங்களுக்கு யார், எப்படி அறிவிப்பார்கள்? தங்குமிடம் எந்தப் பாடசாலை, எந்தக் கோயில், எந்தத் தேவாலயம்? அங்கே மலசலகூடமும் குடிதண்ணீரும் உண்டா? நடக்க முடியாதவர்களை யார் ஏற்றிச் செல்வார்கள்?

வெள்ளம் வடிந்தபின்:

ஓடிய தண்ணீர் மண்ணை அரித்து வெடிபொருட்களை வெளியே காட்டலாம், வேறு இடத்துக்கு இழுத்துப்போயும் விடலாம். முன்பு நடந்த பாதைதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக் குளோரின் இட்டபின் பாவியுங்கள். அதுவரை கொதித்து ஆறிய நீரையே குடியுங்கள். புதிதாக மலசலகூடம் அமைக்கும்போது கிணற்றுக்குக் குறைந்தது 50 அடி தள்ளி, அவர் காட்டும் இடத்தில் அமையுங்கள்.

தறப்பாள் கொட்டிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி அபாயம் கூட. எண்ணெய் விரியன் இரவில் கடித்தால் நோவே தெரியாமல் இருக்கலாம். விடிய வயிற்றுவலி, கண்ணிமை சோர்தல், பேச்சுக் குழறல் என்று தொடங்கினால் தாமதிக்கவேண்டாம். கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. கை காலை அசைக்காமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கொஞ்சம் உயரமான படுக்கையும் சரியாகச் செருகிய நுளம்பு வலையும் பாம்பையும் நுளம்பையும் சேர்த்தே தடுக்கும்.

வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இளநீர்க் கோம்பை, பழைய ரயர், தகரப் பேணி ஆகியவற்றில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். ஆள் இல்லாத அயல் வளவுகளில்தான் இவை கூடுதலாகக் கிடக்கும். அந்த வளவின் சொந்தக்காரரை அறிந்தவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

6. இரவு, பாதை, பெண்கள், பிள்ளைகள்

பாதுகாப்பு என்றால் வெடிபொருளும் வெள்ளமும் மட்டும் அல்ல. திரும்பிய ஊரில் வீடுகள் இடைவெளி விட்டு இருக்கும். நடுவே பற்றை வளர்ந்த வளவுகள். பஸ் ஏற நெடுந்தூரம் நடக்கவேண்டும். பின்னேர வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைக்கும், தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கும் இருட்டும் ஒரு பயம்தான்.

ஆகவே தெருவிளக்கு கேட்கும்போது எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தூணில் என்று கேளுங்கள். பஸ் நிற்கும் சந்தி, பொதுக்கிணற்றடி, பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் திருப்பம் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். இதைத் தீர்மானிக்கும்போது பெண்களின் சொல் முன்னே வரவேண்டும். எந்த இடத்தில் நடை வேகமாகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டு இல்லாத கிணறுகளைக் கணக்கெடுங்கள். பற்றைக்குள் நிலமட்டத்தோடு இருக்கும் பாழ்கிணறு, ஊரை அறியாத சிறுபிள்ளைக்குப் பெரிய ஆபத்து. உங்கள் பிள்ளைகளில் பலர் இந்த ஊரில் பிறக்காதவர்கள் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்குப் பழக்கமான வளவு அவர்களுக்குப் புதிய இடம்.

உங்கள் பிரிவில் சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் புதிதாகத் திரும்பிய குடும்பங்களில் இருந்து யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். தமிழில் சொல்லவும் தமிழில் பதியவும் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்கு ஒப்பம் இடவேண்டாம்.

7. ஊரின் கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள்

ஐந்து ஆறு பேர் சேர்ந்து ஒரு நாள் காலையில் ஊரைச் சுற்றி நடவுங்கள். பாதுகாப்பு உறுதி செய்யப்பட்ட பாதைகளில் மட்டும் நடக்கவேண்டும். ஒரு முதியவர், ஒரு தாய், ஒரு இளைஞர், மேல்வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை என்று கலந்து போவது நல்லது. பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்.

அ. திரும்பிய குடும்பங்கள் எத்தனை? பதிவில் உள்ளவை எத்தனை?
ஆ. குடிக்கக்கூடிய கிணறு எத்தனை? மற்றவை ஏன் பாவிக்க முடியாது?
இ. எல்லை தெரியாத அல்லது தேடாத நிலம் எங்கே?
ஈ. மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம், உடைந்த மதகு எங்கே?
உ. இருண்ட சந்தி, கட்டில்லாத கிணறு எங்கே?
ஊ. அண்மித்த வைத்தியசாலை, பாடசாலை, பஸ் தரிப்பு எவ்வளவு தூரம்?
எ. எங்களிடமே உள்ள வளங்கள் எவை?

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேசன், தச்சன், மின்வேலை தெரிந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், உழவு இயந்திரம் வைத்திருப்பவர், வாகனம் உள்ள குடும்பம், முதலுதவி பழகிய பெண் என்று ஒவ்வோர் ஊரிலும் ஆட்கள் உண்டு. சிரமதானத்தில் நாமே செய்யக்கூடியது எது, சபை செய்யவேண்டியது எது என்று பிரிக்க இந்த வரி உதவும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஊரில் திரும்பிய குடும்பங்கள் 60 என்று வைத்துக்கொள்வோம். பதிவில் இருப்பது 38. மிச்சம் 22 குடும்பங்களும் உறவினர் வீட்டுப் பதிவை விடவில்லை. அங்கே பிள்ளைகளின் பாடசாலை இருக்கிறது என்பதால் தயங்குகிறார்கள். கூட்டத்தில் அலுவலர் 38 குடும்பத்துக்கு ஒரு பொதுக்கிணறு போதும் என்கிறார். அவர் கையில் உள்ள தாளின்படி அவர் சொல்வது சரி. ஊர்மக்கள் தங்கள் தாளைக் காட்டுகிறார்கள். அந்த 22 குடும்பங்களின் பெயரும், வந்த திகதியும், பதிவு மாறாத காரணமும் அதில் இருக்கின்றன. இப்போது பேச்சு வேறு திசைக்குப் போகிறது: பாடசாலை மாற்றத்தை எப்படி இலகுவாக்கலாம், பதிவை எப்போது முடிக்கலாம், இரண்டாவது கிணற்றை எங்கே துப்பரவு செய்யலாம். வாயால் "நாங்கள் கனபேர் இருக்கிறம்" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

8. கொடுப்பதும் பதில் பெறுவதும்

தாளை மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று கிராம அலுவலருக்கு. ஒன்று பிரதேச சபைக்கு. ஒன்று ஊரில் கோவையாக இருக்கட்டும். கொடுத்த பிரதியில் திகதியும் பெற்றவரின் ஒப்பமும் வாங்குங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் கேட்டால் எதுவும் நடக்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்தானவை முதல், குடிதண்ணீர் இரண்டாவது, மற்றவை பிறகு என்று மூன்றே மூன்றை மேலே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். இது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அரச அலுவலகங்களிலும் உள்ளூராட்சி சபைகளிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அவரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதி உதவவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியைக் குறுக்கமாகக் கேளுங்கள். "எங்கள் ஊருக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்ற கேள்விக்குத் தகவல் கிடைக்காது. "இந்த ஆண்டு எங்கள் கிராம அலுவலர் பிரிவில் திருத்தப்பட்ட வீதிகளின் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் செலவான தொகையும் எவை?" என்று கேட்டால் கிடைக்கும்.

கலந்துரையாடுவோம்

உங்கள் வளவில் தேடி முடித்த எல்லை எது என்று வீட்டில் உள்ள எல்லோராலும் சொல்லமுடியுமா?

வெள்ள அறிவித்தல் இரவில் வந்தால் உங்கள் ஒழுங்கையில் முதலில் யாரை எழுப்பவேண்டும்?

அடுத்த ஆண்டு ஒரே ஒரு வேலைதான் நடக்கும் என்றால் உங்கள் ஊர் எதைக் கேட்கும்? பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுவரில் ஒட்டி வைக்க

பொலிஸ் அவசர அழைப்பு: 119
சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ்: 1990
அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117
சிறுவர் பாதுகாப்பு: 1929
பெண்களுக்கான உதவி: 1938

இவற்றுக்குக் கீழே உங்கள் கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊரில் வாகனம் உள்ள ஒருவர் ஆகியோரின் இலக்கங்களை நீங்களே எழுதுங்கள். ஊரின் கணக்குத் தாளையும் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த மார்கழியில் அதை எடுத்து, எந்த வரி மாறியிருக்கிறது, எந்த வரி அப்படியே இருக்கிறது என்று பார்த்துப் புதிய தாள் எழுதத் தொடங்குங்கள்.